உறுதியைச் சுமந்தோம், ஓவியத்தை விட்டோம்

(மன்னார் நகரில் ஆசிரியர்களும் கமக்காரரும் கடற்றொழிலாளரும் கூடியிருந்த கூட்டமொன்றில், ஓவியர் அ. மாற்கு அவர்களைக் குறித்துச் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரையின் வாசகம்.)



இங்கு வரும் வழியில் முருங்கனில் ஒரு தேநீர்க் கடையில் சிறிது நேரம் தங்கினேன். கட்டுக்கரைக் குளத்தின் கீழ் நெடுங்காலமாக வயல் செய்துவரும் பெரியவர் ஒருவர் என்னை இனங்கண்டு, "தம்பி, இண்டைக்கு என்ன கூட்டம்?" என்று வினவினார். "ஓர் ஓவியரைப் பற்றிய கூட்டம் ஐயா" என்றேன். அவர் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு என்னை மேலுங்கீழும் பார்த்தார். "நெல்லு விலையைப் பற்றிக் கதைக்க ஒருத்தரும் இல்லை. நீங்கள் படம் கீறினவரைப் பற்றிக் கதைக்கப் போறியளோ?" என்றார்.

அப்பெரியவரின் கேள்வி நியாயமானது. 2021ஆம் ஆண்டில் ஒரே அறிவித்தலால் இரசாயன உரத்தை நிறுத்தி, வயல்களை மஞ்சளாக்கிவிட்ட ஆட்சியைக் கண்டவர்கள் நீங்கள். உங்கள் முன்னிலையில் ஓவியம் பற்றிப் பேச எழுபவன், முதலில் அதற்கான காரணத்தைச் சொல்லியாகவேண்டும். ஆகவே காரணத்திலிருந்தே தொடங்குகின்றேன்.

என் பாட்டனார் இத்தீவில் ஒரு சம்மாட்டியார். தலைமன்னாருக்கும் இராமேசுவரத்திற்கும் இடையே கப்பல் ஓடிய காலத்தில் அக்கரையிலிருந்து வந்த ஓவியர் ஒருவர் எங்கள் வீட்டில் சில நாட்கள் தங்கி, அவருடைய உருவத்தை எண்ணெய் வர்ணத்தில் தீட்டினார். வெயிலில் காய்ந்த நெற்றி; ஒரு கண் மற்றதைவிடச் சிறிது சுருங்கியிருக்கும். அந்தச் சுருக்கத்தையும் அவர் விடாது வரைந்திருந்தார். 1990ஆம் ஆண்டு யுத்தம் மீண்டும் மூண்டபோது எனக்கு வயது பத்து. இரவோடிரவாக வள்ளத்தில் ஏறி மண்டபம் முகாமுக்குப் போனோம். என் தாயார் காணி உறுதிகளையும் பிறப்புப் பத்திரங்களையும் பொலித்தீன் பையொன்றில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டார். படம் சுவரில் நின்றது. இரண்டு ஆண்டுகளின் பின் திரும்பி வந்தோம். கூரை இல்லை, படமும் இல்லை. படம் தொங்கிய ஆணி மாத்திரம் சுவரில் இருந்தது.

சட்டத்தரணியாக நான் பணி தொடங்கிய நாள் முதல், அத்தகைய பொலித்தீன் பைகளை நூற்றுக்கணக்கில் என் மேசை மீது கண்டுவருகின்றேன். நம் மக்கள் எத்தனை முறை இடம்பெயர்ந்தாலும் உறுதியைக் கைவிட்டதில்லை. ஆயினும் அப்பைகளுள் ஒன்றிலேனும் ஓர் ஓவியத்தை நான் கண்டதில்லை. எவரையும் குறைகூற இதைச் சொல்லவில்லை. எறிகணை விழும்போது எதை எடுப்பது என்று தீர்மானிக்கக் கிடைப்பது சில கணங்களே. சட்டகத்தில் அறைந்த படத்தை எவரால் இடுப்பில் கட்டமுடியும்?

இந்நிலை ஒரு வீட்டுக்கு நேர்ந்தால் அது அவ்வீட்டின் துக்கம். தன் ஆயுள் முழுவதும் நம் மக்களின் உருவத்தை வரைவதிலேயே கழித்த ஓர் ஓவியருக்கு நேர்ந்தால் அது யாருடைய துக்கம்?

ஓவியர் மாற்கு 1933ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்துக் குருநகரிலே பிறந்தவர். குருநகரைப் பற்றி மன்னார் மக்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அதுவும் வலையும் வள்ளமும் தேவாலய மணியோசையுமாக வாழ்ந்த ஊர். பேசாலையில் உடக்குப்பாஸ் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, துன்பப்படும் ஒரு முகத்தின் முன் ஊர் முழுவதும் மௌனமாக நிற்பது எத்தகையது என்பது தெரியும். அத்தகைய கடற்கரையிலிருந்தே அவரும் புறப்பட்டார்.

1950களில் கொழும்பு அரசினர் நுண்கலைக் கல்லூரியிலே ஓவியம் பயின்றார். உருவ ஓவியத்தில் நாடு முழுவதும் பெயர்பெற்ற ஜே. டி. ஏ. பெரேரா அவர்கள் அக்கல்லூரியின் முதல் அதிபராய் விளங்கியவர். டேவிட் பெயின்ரர் அவர்களும் அங்கே கற்பித்தவர். கண்டித் திரித்துவக் கல்லூரித் தேவாலயத்திற்குச் சென்றவர்கள் பெயின்ரரின் சுவரோவியங்களைக் கண்டிருப்பீர்கள். இயேசுவை ஐரோப்பியராக வரையாது, நம் நாட்டு மரஞ்செடிகளின் நடுவே நம் நாட்டு மேனி நிறத்திலே வரைந்து வைத்தார் அவர். முகம் என்பது எவருடைய முகமாக இருக்கவேண்டும் என்ற கேள்விக்கு இதனினும் தெளிவான விடை வேண்டுமோ? அதே கொழும்பில் அதே பத்தாண்டில்தான், 1956இல், தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறியது. ஒருபுறம் நம் மண்ணின் முகத்தை வரையக் கற்றுக்கொடுத்த நாடு, மறுபுறம் அம்முகத்தின் வாய்மொழியை அரச கருமத்திலிருந்து நீக்கியது.

இங்கே சிறிது விலகிச் சென்று ஒரு செய்தியைச் சொல்ல விரும்புகின்றேன். உருவப்படம் யாருக்கு வரையப்பட்டது என்பதில் ஓர் அரசியல் உண்டு. நம் தெற்குக் கரையில் அரிப்பிலே, கடல் சிறிது சிறிதாகத் தின்றுகொண்டிருக்கும் பழைய மாளிகை ஒன்று இடிந்து நிற்கிறது. முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்வதற்கென ஆங்கிலத் தேசாதிபதி பிரெடரிக் நோர்த் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டுவித்த மாளிகை அது. அந்த நோர்த்தின் முகம் எத்தகையது என்பது உலகிற்குத் தெரியும். 1815ஆம் ஆண்டு பிரான்சியப் பேரோவியர் ஆங்கிர் அதைப் பென்சிலால் வரைந்துவைத்தார். அம்மாளிகையின் முன்னே கல்லைக் காலிற் கட்டிக்கொண்டு மூச்சடக்கிக் கடலடிக்கு இறங்கியவர்கள் எத்தனை ஆயிரம் பேர்? அவர்களுள் ஒருவருடைய முகமேனும் பெயரோடு நம்மிடம் உண்டா? முத்தை எடுத்தவன் முகமில்லாமற் போனான். முத்தை எண்ணியவன் முகத்தோடு இருக்கிறான்.

யாழ்ப்பாணத்திலும் நிலைமை பெரிதும் வேறுபட்டிருக்கவில்லை. கல்லூரி மண்டபங்களில் அதிபர்கள், நீதிமன்றச் சுவர்களில் என் தொழிலைச் சேர்ந்த பெரியவர்கள், செல்வர் வீட்டு விறாந்தைகளில் இறந்தபின் நிழற்படத்தைப் பார்த்து எழுதுவிக்கப்பட்ட மூதாதையர் என்று இவ்வளவோடு நின்றது உருவ ஓவியம். அதை விரித்தவர்கள் பள்ளிக்கூடச் சித்திர ஆசிரியர்கள். ஓவியர் எஸ். ஆர். கனகசபை அவர்கள் 1938இல் வின்சர் ஓவியக் கழகத்தை ஆரம்பித்தார். அரசாங்கச் சித்திர வித்தியாதரிசியாக இருந்த வின்சர் என்ற ஆங்கிலேயரின் பெயரால் அமைந்த கழகம் அது. அதற்குப்பின் வந்த தலைமுறையில் மாற்கு அவர்களும் அவருடைய சக ஆசிரியர்களும் விடுமுறைக்கால ஓவியர் கழகம் என்று ஒன்றை நடத்தினர். பெயரைக் கவனியுங்கள். மற்ற நாட்களிற் கற்பிக்கவேண்டும், விடுமுறை வந்தால்தான் வரையலாம்!

மாற்கு அவர்கள் யாழ்ப்பாணப் பாடசாலைகளில் சித்திர ஆசிரியராகப் பணியாற்றினார். ஓவியத்தை விற்று வாழக்கூடிய நிலை இப்பகுதியில் அன்று இருந்ததில்லை. இன்றும் இல்லை. ஆசிரியச் சம்பளத்தில்தான் வர்ணமும் தூரிகையும் வாங்கவேண்டும். எண்ணெய் வர்ணம், நீர்வர்ணம் என்று ஒன்றோடு நில்லாமற் பலவற்றிலும் பரிசோதனை செய்து பார்த்தார். மேல்நாட்டார் கியூபிசம் என்று சொல்லும் முறையை, உருவத்தைத் தளங்களாகவும் கோணங்களாகவும் பகுத்து மீண்டும் சேர்க்கும் முறையை, நம் ஊர் மனிதரின் உடலிலும் முகத்திலும், சிறப்பாகப் பெண்களின் உருவத்திலும் பிரயோகித்தார்.

நேர்மையாகச் சொல்கின்றேன். அவ்வகைப் படமொன்றின் முன் முதன்முறை நின்றபோது, "மூக்கு எங்கே?" என்று கேட்டவன் நானும். உருவப்படம் என்றால் ஆளைப்போல் இருக்கவேண்டும் என்பதே நம்மிற் பலருடைய அபிப்பிராயம். அப்படி விரும்புவோர்க்கு அச்சுவேலி ஓவியர் ஆசை இராசையா அவர்கள் இருந்தார்கள். 1946இற் பிறந்து 2020இல் மறைந்த அப்பெருமகனார் தீட்டிய முகங்கள் நம்மைப் பெயர் சொல்லி அழைப்பது போல் இருக்கும். அஞ்சல் தலைகளுக்கும் அவர் ஓவியம் வரைந்தார். மாற்கு சென்ற வழி வேறு. நான் நீதிமன்றத்திற் கண்டதை வைத்தே அதை விளங்கிக்கொண்டேன். மகனைத் தேடி ஆணைக்குழுக்களின் வாசலில் ஆண்டுக்கணக்காக நின்ற ஒரு தாயின் முகத்தை நிழற்படத்திற் பாருங்கள். கண், மூக்கு, வாய் யாவும் இடத்திற்கு இடம் சரியாக இருக்கும். ஆனால் அம்முகம் அப்படி ஒழுங்காகவா இருக்கிறது? அது உள்ளே உடைந்தும் ஒட்டியும் இருப்பதல்லவா? ஓவியர் கோணங்களாகப் பகுத்தது எதை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஓவியம் கற்றவர்கள் இவ்விளக்கத்தை ஏற்பார்களோ நான் அறியேன். சட்டம் படித்தவனின் விளக்கம் இது.

ஆசிரியராக அவர் செய்த பணி தனியே பேசத்தக்கது. பாடசாலை மணியோடு அவருடைய கற்பித்தல் முடிந்ததில்லை. இன்று கிழக்கிலே வாழ்ந்து, பெண்களின் வாழ்வைத் தம் தூரிகையால் எழுதிவரும் ஓவியர் வாசுகி ஜெயசங்கர் அவர்கள் மாற்குவிடம் பயின்றவர். யுத்தத்தின் நடுவிலே, 1987இல், 'தேடலும் படைப்புலகமும்' என்ற நூல் மாற்குவுக்குச் சிறப்பு மலராக யாழ்ப்பாணத்திலே வெளிவந்தது. உயிரோடிருக்கும் ஓர் ஓவியரைப் போற்றி நூல் வெளியிடும் வழக்கம் நம்மிடையே மிக அரிது. அதுவும் 1987இல்! அவ்வாண்டு யாழ்ப்பாணம் எப்படியிருந்தது என்பதை நினைவுடையோர் அறிவர்.

குருநகர் மக்கள் அனுபவித்ததை விரித்துரைக்கப் போவதில்லை. 1986 யூன் 10ஆந் திகதி மண்டைதீவுக் கடலிலே 31 தொழிலாளர் கொல்லப்பட்டனர். 1993 நவம்பர் 13ஆந் திகதி புனித யாகப்பர் ஆலயத்தின் மீது குண்டு வீசப்பட்டது. 1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி இரவு யாழ்ப்பாணமே எழுந்து நடந்தது. கொட்டும் மழையில், நாவற்குழிப் பாலத்தின் மேல், இலட்சக்கணக்கானோர். அந்த இடப்பெயர்வுகளிலே மாற்குவின் ஓவியங்களிற் பல அழிந்தன. பல்லாண்டு உழைப்பு. ஓர் ஓவியரின் படைப்புக்குப் பிரதி கிடையாது. கவிஞனின் நூல் ஒரு வீட்டில் எரிந்தால் இன்னொரு வீட்டில் இருக்கும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு எரிந்த 97,000 நூல்களில் அச்சிட்டவற்றுக்கு வேறு பிரதிகளை எங்காவது தேடலாம். எரிந்துபோன ஏட்டுச் சுவடியையும் அழிந்துபோன ஓவியத்தையும் எங்கே தேடுவது?

ஊரை இழந்த ஓவியர் இறுதியில் இம்மன்னார் மண்ணுக்கு வந்தார். 2000ஆம் ஆண்டு இங்கேயே மறைந்தார்.

2000ஆம் ஆண்டு எனக்கு வயது இருபது. சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டு இதே தீவில் இருந்தேன். சோதனைச்சாவடிகளின் காலம் அது. அத்தகைய மனிதர் ஒருவர் இங்கே வாழ்கிறார் என்பதை நான் அறியவில்லை. எவரும் எனக்குச் சொல்லவில்லை என்று சாக்குச் சொல்லலாம். நான் கேட்கவும் இல்லை. பள்ளிமுனைப் பெருக்கமரத்தின் சுற்றளவு எத்தனை, அதை நட்டவர்கள் அராபியரா என்பதையெல்லாம் பொது அறிவுப் பரீட்சைக்காக மனனம் செய்தவன் நான். என் தலைமுறையின் பெரும் ஓவியர் ஒருவர் இறுதி மூச்சு விட்ட ஊர் என் ஊர் என்பதை அறிந்தபோது நான் கறுப்புக் கோட்டு அணிந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அவ்வெட்கத்தினாலேயே இன்று இங்கே நிற்கிறேன்.

இனிச் செய்யவேண்டியது என்ன? சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், யுத்த காலத்தில் வழக்குத் தொடர முடியாதிருந்தவர்கள் காணியை மீட்பதற்கு, காலாவதி விடயத்தில் ஒரு சலுகை அளித்தது. அதிலும் யாருடைய செய்கையால் முடியாதிருந்தது என்ற பாகுபாடு உண்டு. அது வேறொரு நாளுக்குரிய பேச்சு. அச்சட்டம் பேசுவது அசையாச் சொத்தைப் பற்றியே. வீட்டைப் பற்றிப் பேசும் சட்டம் வீட்டுச் சுவரில் தொங்கியதைப் பற்றிப் பேசவில்லை. ஆகவே அழிந்த ஓவியங்களுக்காக எந்த நீதிமன்றப் படியில் ஏறுவதென்று என்னைக் கேட்டால், என்னிடம் விடையில்லை.

எஞ்சியிருப்பவற்றின் நிலை வேறு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஒரு படைப்பின் மீதான உரிமை படைத்தவரின் ஆயுட்காலமும் அதன்பின் 70 ஆண்டுகளும் நிலைக்கும். மாற்குவின் ஓவியங்கள் மீது 2070 வரை அவருடைய வாரிசுகளுக்கு உரிமையுண்டு. உங்கள் வீட்டில் அவருடைய படம் ஒன்று இருந்தால் அப்படம் உங்களுடையது. அதை அச்சிட்டு விற்கும் உரிமை உங்களுடையது அன்று. கன்றை விற்றாலும் பசு வீட்டிலேயே நிற்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னுமொன்று, அப்படத்தை எங்கே காட்டினாலும் ஓவியரின் பெயரைச் சொல்லவேண்டும். அதைச் சிதைத்து அவர் மதிப்பைக் குலைக்கக்கூடாது. பெயர் போடாமல் ஓவியங்களை மலர்களின் அட்டையில் அச்சிடும் நண்பர்கள் இதைச் செவிமடுப்பார்களாக.

ஆகவே என் வேண்டுகோள் ஒரு பதிவேடு. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் நம் காணிகளைத் தோம்பு எழுதினார்கள், வரி அறவிடுவதற்காக. ஓவியரும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலை வரலாற்று ஆசிரியருமான தா. சனாதனன் அவர்கள், இழந்த வீடுகளின் வரைபடங்களை இடம்பெயர்ந்தோரைக் கொண்டே நினைவிலிருந்து வரைவித்து, 2011இல் ஒரு நூலாக்கினார். அதற்குத் தோம்பு என்ற அதே பெயரையே எடுத்து, முழுமையற்ற தோம்பு என்று பொருள்படும்படி வைத்தார். வீட்டுக்கு எழுதியதைப் படத்துக்கும் எழுதுவோம் என்கிறேன். மாற்குவின் படங்கள் மாத்திரம் வேண்டியதில்லை. இத்தீவிலும் பெருநிலத்திலும் எந்த வீட்டில், எந்தக் கோவிலில், எந்தப் பள்ளிக்கூடத்தில் கையால் வரைந்த உருவப்படம் இருக்கிறதோ, அதன் நீள அகலம், யாருடைய முகம், யார் வரைந்தது, எவ்வழியாக வந்தது என்பவற்றை எழுதி, முன்னும் பின்னும் நிழற்படம் எடுக்கவேண்டும். கைத்தொலைபேசி இல்லாத வீடு இன்று ஏது? 2005 முதல் இயங்கிவரும் நூலக நிறுவனத்தார் நம் நூல்களை மின்வடிவில் காத்துவருவது போல், இவற்றையும் ஒரு பொது இடத்தில் சேர்த்துவைக்க வழி காணலாம்.

இழந்தவற்றையும் எழுதவேண்டும். 1990 ஒக்ரோபரில் இத்தீவின் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். எருக்கலம்பிட்டியிலும் தாராபுரத்திலும் அவர்கள் விட்டுச் சென்ற வீடுகளின் உள்ளே என்னென்ன இருந்தன என்பதும் அப்பதிவேட்டில் இடம்பெறவேண்டும். அவர்களை அழையாமல் நாம் மாத்திரம் எழுதினால் அது தோம்பாகாது.

காப்பதைப் பற்றியும் சில வார்த்தைகள். நம் உப்புக்காற்று ஆணியைத் தின்னும், சட்டகத்தைத் தின்னும், பின்னர் சீலையைத் தின்னும். கடலைப் பார்த்த வெளிச்சுவரில் படத்தைத் தொங்கவிடாதீர்கள். வெயில் நேரே படவும் விடாதீர்கள். பெருநாளுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது எண்ணெய் வர்ணப் படத்தைச் சவர்க்காரத் தண்ணீரால் துடைக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. அதை இன்றே நிறுத்துங்கள். தூசியை மெல்லிய உலர்ந்த தூரிகையால் தட்டினாற் போதும். ஆண்டுக்கு இருமுறை இறக்கிப் பின்புறத்தில் கறையான் இருக்கிறதா என்று பாருங்கள். நெல் மூட்டைக்குக் காட்டும் கவனத்தில் கால்வாசி போதும்.

முருங்கனில் கண்ட பெரியவரிடம் திரும்பி வருகின்றேன். அவருக்கு நான் ஒரு மறுமொழியும் சொல்லவில்லை, "உங்கள் வீட்டில் பழைய படம் ஏதும் இருக்கிறதா ஐயா?" என்று மாத்திரம் கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "அப்புவின்ரை படம் ஒண்டு இருக்கு. மாட்டோடை நிக்கிற படம். ஆர் கீறினதெண்டு தெரியாது" என்றார். அது மாட்டோடு நிற்கும் படம்! தேசாதிபதியின் படமும் அன்று, நீதிபதியின் படமும் அன்று. வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து நிழற்படம் எடுக்க அனுமதி பெற்றிருக்கிறேன். நெல்லு விலையைப் பற்றியும் பேசவேண்டும் என்ற நிபந்தனையோடு.

வாசலில் ஒரு மேசையும் அதன்மேல் கோடிட்ட பெரிய கொப்பி ஒன்றும் வைத்திருக்கிறோம். போகும்போது உங்களிடம் உள்ளதை எழுதிவிட்டுச் செல்லுங்கள். எழுதத் தெரியாத தாய்மார் சொல்லட்டும், மாணவர்கள் எழுதுவார்கள். முதலாம் இலக்கத்தில் நானே எழுதியிருக்கிறேன்: எண்ணெய் வர்ணம், ஏறத்தாழ இரண்டு அடி உயரம், சம்மாட்டியார் ஒருவரின் மார்பளவு உருவம், இடக்கண் சிறிது சுருங்கியது, ஓவியர் பெயர் தெரியாது, 1990இல் இழக்கப்பட்டது.